பிரெடெரிசியாவில் ஒரு பல்கலைக்கழகம், இரண்டு கதவுகள்

மே மாதக் கடைசிச் சனிக்கிழமை, ஹ்விடோவ்ரேயிலிருந்து அப்பாவைக் கூட்டிக்கொண்டு பிரெடெரிசியா போனேன். அவர் நைஜீரியாவில் ஓர் அரச பல்கலைக்கழகத்தில் பௌதிகம் படிப்பித்தவர். அதன் பழைய மாணவர்கள் பிரெடெரிசியாவில் ஆண்டுவிழா வைக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் டையை எடுத்து அயன் பண்ணத் தொடங்கிவிட்டார். டென்மார்க்கில் தொழிற்சாலையில் எல்லாரும் அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். ஒருமுறையாவது யாராவது ‘சேர்’ என்று கூப்பிட்டால் போதும் அவருக்கு.

கோப்பன்ஹேகனிலிருந்து ரயிலில் சுமார் இரண்டு மணித்தியாலம். முன்கூட்டியே எடுத்ததால் ஆளுக்கு 149 குரோனர். இருக்கையையும் பதிவு செய்யுங்கள். நான் செய்யாமல் ஓடென்ஸ வரை நின்றேன். அப்பாவுக்கு மட்டும் ஒருவர் இடம் கொடுத்தார்.

“நான் கதவடியிலதான் நிப்பன் பிள்ளை. பிந்தி வாறவன் என்னட்டக் காரணம் சொல்லாமல் உள்ள போகேலாது.” வழியெல்லாம் அப்பாவுக்குப் படிப்பித்த காலத்து இந்தக் கதைதான்.

மண்டபத்தில் எதிரெதிரே இரண்டு கதவுகள். இரண்டிலும் ஆண்டுவிழாப் பதாகை; ஒரே ஆரம்ப ஆண்டு, பல்கலைக்கழகத்தின் பெயர் மட்டும் வேறு வேறு. வரவேற்ற நைஜீரியப் பெண் பொறுமையாக விளக்கினார். முதலில் அது கல்லூரியாம். மாநில அரசு அதைப் பல்கலைக்கழகமாக்கி இரண்டு வளாகங்கள் கொடுத்ததாம். அடுத்த அரசு ஒன்றைப் பிரித்துத் தனிப் பல்கலைக்கழகமாக்க, மற்றதை மத்திய அரசு எடுத்துக்கொண்டதாம். இப்போது இரண்டு துணைவேந்தர்கள்; பழைய பெயர் யாரிடமும் இல்லை. எனக்குத் தலை சுற்றியது.

“நீங்கள் எந்த வளாகம்?” என்றார்.

அப்பா என்னைப் பார்த்தார். “அந்த நேரம் எல்லாம் ஒண்டுதானே? திங்களும் செவ்வாயும் ஒரு பக்கம், மிச்ச நாள் மற்றப் பக்கம் படிப்பிச்சன்.”

இடப்பக்க அறையில் எல்லாரும் இளையவர்கள். அப்பாவை யாருக்கும் தெரியவில்லை; எதிர் அறையாக இருக்கும் என்றார்கள். எதிர் அறையிலிருந்தவர்களும் மரியாதையாக இங்கேயே திருப்பி அனுப்பினார்கள். அப்பா டையைத் தளர்த்தினார்.

“வா, வீட்ட போவம்.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. அப்போது நரைத்த தலையுடன் ஒருவர் மூச்சிரைக்க ஓடி வந்தார். கதவடியில் அப்பாவைக் கண்டதும் அப்படியே நின்று தொப்பியைக் கழற்றினார்.

“மன்னியுங்கள் சேர். ரயில் பிந்திவிட்டது.”

அப்பா டையை இறுக்கிக்கொண்டு கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு ஆங்கிலத்தில், “சரி, உள்ளே போ” என்றார்.

இப்படியான விழாவுக்குப் போகிறவர்கள் எந்த வளாகம் என்று முதலே கேட்டு வையுங்கள். நாங்கள் சாப்பிட்டது எந்தப் பல்கலைக்கழகத்தின் சாப்பாடு என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. நாற்காலி போட்டுக் கொடுத்தும் அப்பா இருக்கவில்லை. கதவடியிலேயே நின்று பிந்தி வந்த ஒவ்வொருவரிடமும் காரணம் கேட்டார். இரண்டு அறைக்காரரும் ‘சேர்’ போட்டுக் காரணம் சொல்லிவிட்டுத்தான் உள்ளே போனார்கள்.