அண்ணன் கையைக் காப்பியடிச்ச மெஷின்

என் நாத்தனாரோட ரோட்டுல நடந்து போறதுன்னா எனக்குப் பயம். முன்னாடி போற ஆள் டீ-ஷர்ட் போட்டிருந்தா போதும், கிட்டப் போய் முதுகையே உத்துப் பாப்பா. ஒரு தடவை பஸ் ஸ்டாப்புல நின்ன ஒரு பெரிய மனுஷனோட சட்டை ஓரத்தைப் பிடிச்சு உள்பக்கம் திருப்பியே பாத்துட்டா. அந்த ஆள் வெலவெலத்துப் போய், "என்னம்மா வேணும்?"னு கேட்டார். "மை துணிக்குள்ள எவ்வளவு இறங்கியிருக்குன்னு பாத்தேன் சார், நல்லாத்தான் இறங்கியிருக்கு"ன்னு இவ பாராட்டு வேற. நான் அவளைத் தெரியாத மாதிரி மூஞ்சியைத் திருப்பிக்கிட்டேன். வேற என்ன பண்றது.

இன்னிக்கு அவ செஞ்ச மெஷின்கள் எங்கெங்கயோ ஓடுது. ஒரு பக்கம் வெறும் டீ-ஷர்ட்டை மாட்டிவிட்டா, படம் அச்சாகி, காய்ஞ்சு, மறுபக்கம் வந்து விழும். பாக்க வர்றவங்க, "எப்படிம்மா கண்டுபிடிச்சீங்க?"ன்னு வாயைப் பொளந்துக்கிட்டு கேட்டா, "சும்மா ஒரு ஆர்வம்தான்"னு ஒத்தை வரியில முடிச்சுடுவா. எனக்குப் பத்திக்கிட்டு வரும். கூடவே இருந்து அத்தனை கூத்தையும் பாத்தவ நான். நானே சொல்றேன்.

வீட்டுல அவளுக்கு நட்டுன்னு பேரு. நான் கல்யாணமாகி வந்த புதுசுலயே அவ பையில எப்பப் பாத்தாலும் நட்டும் போல்ட்டும் கிடக்கும். துணி துவைக்கறதுக்கு முன்னாடி அதையெல்லாம் பொறுக்கறதே எனக்குத் தனி வேலை. தையல் மெஷின் ரிப்பேர் பண்றவ. அவ அண்ணன், அதாவது எங்க வீட்டுக்காரர், டீ-ஷர்ட்டுல படம் அச்சடிக்கிறவர். மாடியில குடித்தனம், கீழ பட்டறை. அவர் அச்சடிச்சுத் தர்றதை காயவச்சு, பாத்து, மடிக்கிறது என் பங்கு.

வேலை இதுதான். பலகையில டீ-ஷர்ட்டை மாட்டி, அது மேல வலை கட்டின சட்டத்தை இறக்கணும். வலையில படம் இருக்கற இடம் மட்டும் திறந்திருக்கும். ஓரத்துல மையை ஊத்தி, ரப்பர் பட்டை வச்ச ஒரு கட்டையால அழுத்தித் தன் பக்கமா இழுத்தா, மை வலை வழியா இறங்கித் துணியில படமா உக்காரும். கேக்க சுலபமா இருக்கும். ஒரு நாள் நான் இழுத்துப் பாத்தேன், பூனைப் படம் பேய் மாதிரி வந்துச்சு. மத்த பட்டறையில ரெண்டு மூணு தடவை இழுப்பாங்க. எங்க வீட்டுக்காரருக்கு ஒரே இழுப்பு. அதுல அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு, நான் மறைக்கல.

நட்டு ரிப்பேர் வேலை முடிஞ்சு வந்தா நேரா மாடி ஏற மாட்டா. பட்டறையில ஒரு ஸ்டூலைப் போட்டு உக்காந்து அண்ணனைக் கேள்வியா கேட்டுத் துளைப்பா. துணி ஏன் நழுவுது, மை ஏன் திக்காகுது, கழுத்துக்குக் கீழ எத்தனை விரல் விட்டுப் படம் வைக்கற, ஏன் அத்தனை விரல். அவர் பாதிக் கேள்விக்கு, "கை பாத்துக்கும்"னு சொல்லுவார். இந்தப் பதிலைக் கேட்டாலே அவளுக்குக் கோவம் வரும். "கைக்கு மட்டும் எப்படித் தெரியும், அதைச் சொல்லு"ன்னு நிப்பா.

கேட்டு கேட்டுத்தான் ஒவ்வொண்ணா செய்ய ஆரம்பிச்சா. முதல்ல, துணி நழுவாம இருக்கப் பலகையில பொடிப்பொடியா ஓட்டை போட்டு, அடியில இருந்து காத்தை உறிஞ்சற பலகை. தூசி உறிஞ்சற மெஷினோட உறுப்பைப் பிடுங்கிச் செஞ்சா. அது டீ-ஷர்ட்டை நல்லாப் பிடிச்சுக்கிச்சு, பக்கத்துல நின்ன என் சட்டைக் கையையும் சேத்துப் பிடிச்சுக்கிச்சு. அப்புறம் பலகைகளை வட்டமா சுத்தவிடற மேடை. முதல் நாள் அது சுத்தின வேகத்துல ஈர டீ-ஷர்ட் ஒண்ணு பறந்து போய் ஜன்னல்ல ஒட்டிக்கிச்சு. அடுத்தது கழுத்தைத் தானா கண்டுபிடிக்கற கேமரா. அதுக்கு வட்டமா எதைப் பாத்தாலும் கழுத்துதான். நான் மறதியா வச்ச டீ டம்ளரைக் கழுத்துன்னு நினைச்சு, கணக்கா விரல் அளவு விட்டு, மை ஊத்தின சட்டத்தை இறக்கி டம்ளரையும் சேத்து அப்பி வச்சுது. நட்டு விழுந்து விழுந்து சிரிச்சா. அந்த டம்ளரைத் தேச்சுத் தேச்சுக் கழுவினவளுக்குத்தான் தெரியும் கஷ்டம்.

எல்லாம் விளையாட்டா போயிட்டு இருந்தது, அவருக்குத் தோள்பட்டை வலி வர்ற வரைக்கும். வலது தோள். இழுத்து இழுத்து உள்ள இருக்கற தசைநார் தேஞ்சு போச்சுன்னு டாக்டர் படம் எடுத்துக் காட்டினார். "இனிமே இழுக்காதீங்க. இழுத்தீங்கன்னா ஒரு நாள் அது அறுந்தே போகும், அப்புறம் தலை சீவக்கூட கை மேல போகாது"ன்னு என் முன்னாடியே சொன்னார். இவர் தலையை ஆட்டிட்டு வந்து மறுநாள் காலையில கட்டையைக் கையில எடுத்துட்டார். நான் கத்தாத கத்து இல்ல. "மருந்து தடவினேன், வலி விட்டுப்போச்சு, நீ சும்மா இரு"ன்னு ஒரே பாட்டு. முகத்துலயும் ஒண்ணும் தெரியல. நம்பினேன்.

நட்டு விடல. "நீ இழுக்க வேணாம் அண்ணே, இழுக்கறதுக்கு நான் ஒரு மெஷின் கை செஞ்சு தரேன்"னா.

"செய். என் அச்சு மாதிரியே வந்தா அன்னிக்கே கட்டையைக் கீழ வைக்கிறேன். வரலேன்னா வைக்க மாட்டேன்."

"வாக்கு மாற மாட்டியே?"

"நான் என்னிக்கு மாறியிருக்கேன்."

அவ்வளவுதான் பேச்சு. ஆக, மெஷின் சரியா வர்ற வரைக்கும் இவர் இழுப்பார். ஒவ்வொரு நாள் தள்ளிப் போறதும் அந்தத் தோளுக்குத்தான் கேடுன்னு எனக்கு நல்லாத் தெரிஞ்சுது. அதனால அவளை விட நான்தான் அவசரப்பட்டேன்.

அவ என்ன செஞ்சான்னா, பலகைக்கு அடியில பழைய எடை மெஷின் உறுப்புகளை வச்சா. கட்டையில ஒரு நூலைக் கட்டி அதை ஒரு சின்னச் சக்கரத்துல சுத்திவிட்டா. இவர் இழுக்க இழுக்க, எந்த இடத்துல எவ்வளவு அழுத்தறார்ன்னு கம்ப்யூட்டர் திரையில கோடா வரும். "எப்பவும் போல ஒரே இழுப்பு இழு அண்ணே"ன்னா. ஒரு சாயங்காலம் பூரா அவர் இழுத்தார், அவ கோட்டைச் சேத்துக்கிட்டே இருந்தா. இழுத்த துணியையெல்லாம் அவரே சுருட்டி மை துடைக்கப் போட்டுட்டார். வெறும் சோதனைத் துணிதானேன்னு நாங்களும் கண்டுக்கல.

கோட்டைப் பாத்ததும் நட்டுவுக்குத் தலைகால் புரியல. எல்லாக் கோட்டுலயும் நடுவுல ஒரு பள்ளம். அழுத்தம் ஏறுது, நடுவுல கொஞ்சம் இறங்குது, மறுபடி ஏறுது.

"பாத்தீங்களா அண்ணி? இதுதான் அண்ணனோட தொழில் ரகசியம். நடுவுல மையை மூச்சு விட விடறார். இவருக்கே தெரியாம கை பண்ணுது."

எனக்கும் பெருமையா இருந்துச்சு. என் புருஷன் கையில இப்படி ஒரு சூட்சுமமான்னு நினைச்சேன். மை விக்கற கடைக்காரர்கிட்ட, வலை கட்டறவர்கிட்ட, கேட்டவங்க கேக்காதவங்க எல்லார்கிட்டயும் அவ அந்தப் பள்ளத்தைப் பத்திப் பேசினா. எங்க வீட்டுக்காரர் மட்டும், "அப்படியா"ன்னு கேட்டுட்டு கை கழுவப் போயிட்டார். அடக்கம்னு நினைச்சோம்.

மெஷின் கை தயாராச்சு. பள்ளத்தோட சேத்து அந்தக் கோட்டை அச்சு அசலா இழுத்துச்சு. முதல் டீ-ஷர்ட்டை நான்தான் கையில எடுத்தேன். படத்துக்கு நடுவுல குறுக்க ஒரு வெளுத்த பட்டை. அடுத்ததுலயும் அதே இடத்துல அதே பட்டை.

அங்க பிடிச்சுது சனியன். மை சரியில்லன்னா, மையை மாத்தினா. வலை தொய்யுதுன்னா, புது வலை இறுக்கிக் கட்டினா. பலகை நடுவுல குழிஞ்சிருக்குன்னு கண்ணாடி வச்சுப் பாத்தா. மோட்டாரைக் கழட்டினா, மாட்டினா. இந்தப் பக்கம் எங்க வீட்டுக்காரர் ஆர்டர் வேலையை இழுத்துக்கிட்டே இருப்பார், அவர் துணியில பட்டையும் இல்ல, ஒண்ணும் இல்ல. அதைக் கையில வச்சுக்கிட்டு அவ வெறிச்சுப் பாப்பா. "அதே அழுத்தம், அதே பள்ளம், அதே மை. உனக்கு மட்டும் எப்படி அண்ணே வருது?"

"கை பாத்துக்கும்" தான் பதில். எனக்கு வந்த ஆத்திரத்துல, "ஒரு நட்டு கழண்டவளும் ஒரு அழுத்தக்காரரும், நடுவுல நான் மாட்டிக்கிட்டேன்"னு ரெண்டு பேரையும் சேத்துத் திட்டினேன்.

ஒரு நாள் எடை உறுப்புகளை நிறுத்த மறந்துட்டா. காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் அவர் செஞ்ச ஆர்டர் வேலை பூரா திரையில கோடு கோடா ஏறிக் கிடந்துச்சு. அழிக்கப் போனவ, கையை எடுத்துட்டு அப்படியே உக்காந்துட்டா.

"அண்ணி, இங்க வாங்க. ஒரு டீ-ஷர்ட்டுக்கு ரெண்டு கோடு வருது."

எனக்குப் புரியல. அவ விரல் வச்சுக் காட்டினா. முதல் இழுப்பு, அதுல பள்ளம். உடனே ரெண்டாவதா ஒரு குட்டி இழுப்பு, பள்ளம் விழுந்த இடத்துல மட்டும். ஒரே இழுப்புக்காரர், எங்களுக்குத் தெரியாம ஒட்டுப் போட்டிருக்கார். அன்னிக்கு சோதனைத் துணியையெல்லாம் அவரே சுருட்டிப் போட்டது பட்டையை மறைக்கத்தான். நான் துணி காயவைக்கற அடுப்பைப் பாத்து, அவருக்கு முதுகைக் காட்டி நிக்கறவ, ஃபேன் சத்தம் வேற, எனக்கு எங்க தெரியும்.

அவ அதோட நிறுத்தல. காலைக் கோட்டையும் சாயங்காலக் கோட்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சா. காலையில பள்ளம் லேசா இருந்துச்சு. மத்தியானம் கொஞ்சம் ஆழம். சாயங்காலம் கிணறு மாதிரி இறங்கிக் கிடந்துச்சு.

"கைப்பக்குவம்னா காலையிலயும் சாயங்காலமும் ஒண்ணாத்தானே இருக்கணும் அண்ணி? இது வேலை செய்யச் செய்ய ஆழமாகுது." சொல்லிட்டு என் முகத்தைப் பாத்தா.

அவர் சாப்பிட்டுட்டுக் கீழ இறங்கி வந்தார். நட்டு கோட்டைக் காட்டி, "இது ரகசியமும் இல்ல ஒண்ணும் இல்ல. இங்க உனக்கு வலிக்குது"ன்னா.

"வலியா? அது எப்பவோ போச்சு. வயசாச்சுல்ல, கை கொஞ்சம் தளருது. அவ்வளவுதான்."

சண்டை போட வாயெடுத்தேன். நட்டு என்னைக் கண்ணால அடக்கிட்டு, திரைப் பக்கம் திரும்பி, அந்தப் பள்ளத்தை மேல இழுத்து நிரப்பினா. கோடு சமமாச்சு. மெஷினை ஓடவிட்டா. கை போச்சு, வந்துச்சு, சட்டம் மேல ஏறுச்சு. பட்டை இல்ல. ஓரம் கத்தி மாதிரி, நடுவு நிறைவா, அவர் நல்லா இருந்த காலத்துல அடிச்ச அச்சு மாதிரியே இருந்துச்சு. அடுத்ததும் அப்படியே. அடுப்புல காயவச்சு எடுத்து அவர் கையில குடுத்தேன். வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்தார், உள்பக்கம் திருப்பிப் பாத்தார், இழுத்துப் பாத்தார்.

"வந்துருச்சு"ன்னார். சொன்ன வாக்குப்படி கட்டையை எடுத்துத் தொடச்சு, அலமாரியில வச்சார்.

நட்டுவுக்கு சந்தோஷம் தாங்கல. "முதல் சட்டை உனக்குத்தான் அண்ணே. போடு, பாக்கணும்."

அவர் வாங்கினார். கழுத்தை விரிச்சுப் பிடிச்சார். அப்புறம் அப்படியே நின்னார். அவர் போட்டிருந்தது பொத்தான் வச்ச சட்டை. அப்பத்தான் எனக்குத் தோணுச்சு. டீ-ஷர்ட்டே தொழில்னு இருக்கற மனுஷன் டீ-ஷர்ட் போட்டு நான் எப்பப் பாத்தேன்? பொத்தான் சட்டைதான் இப்பல்லாம் பிடிக்குதுன்னு அவர் சொன்னதை நம்பி, நானே தேடித் தேடி வாங்கிக் குடுத்திருக்கேன்.

"போடு அண்ணே."

"போட முடியாதும்மா"ன்னார். "கை மேல போகாது."

மெஷின் வெறும் பலகையைச் சுத்திவிட்டுக்கிட்டு இருந்துச்சு. நான்தான் போய் நிறுத்தினேன்.

"ரொம்ப வலிக்குதா?"ன்னு கேட்டேன்.

"வலிக்குது."

"எப்ப இருந்து?"

"விடவே இல்ல. சொன்னா நிறுத்திடுவீங்க. நிறுத்திட்டா நான் இங்க வந்து என்ன பண்ணுவேன்?"

நட்டு அழுதுட்டா. "உன் வலியைப் போய் ரகசியம்னு ஊரெல்லாம் பெருமை பேசிட்டேனே அண்ணே. அதையே காப்பியடிச்சு ஒரு மெஷினும் செஞ்சேனே."

"உனக்கு எப்படித் தெரியும். நான்தான் சொல்லலியே"ன்னார் அவர்.

நான் அவர் பொத்தான்களைக் கழட்டினேன். வலது கையைத் தூக்காம, தொங்கின வாக்குலயே புதுச் சட்டைக் கைக்குள்ள முதல்ல நுழைச்சேன். நட்டு கண்ணைத் துடைச்சுக்கிட்டு அந்தப் பக்கம் வந்து கழுத்தை விரிச்சுத் தலை வழியா இறக்கினா, இடது கையை அவரே விட்டுக்கிட்டார். முதுகுப் பக்கம் சுருண்டிருந்ததை நான் கீழ இழுத்துவிட்டேன். எதுக்கும் "விடு, நானே போட்டுக்கறேன்"னு சொல்ற மனுஷன், அன்னிக்கு நாங்க போட்டு முடிக்கற வரைக்கும் பேசாம நின்னார்.