நீலச் சுவர் வழியே மூன்று தரம்

நான் மெக்சிகோவுக்குப் போனதில்லை. ஆனால் அந்நாட்டுத் தலைநகரில் ஒரு பழைய குறிச்சியை, கோயில் வாசல் தொடங்கிப் படச் சட்டம் செய்யும் கடை வரைக்கும், ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் கால் நோக நடந்து பார்த்திருக்கிறேன். நடந்தது வன்னியில், மாங்குளத்துக்கு மேற்கே, காடு வெட்டிப் போட்ட கொட்டில்களுக்கு நடுவில். முப்பத்து நாலு வருடம் கச்சேரியின், அதாவது மாவட்ட அரச செயலகத்தின், காணிப் பகுதியில் இருந்து ஓய்வுபெற்றவன் நான். ஓர் அனுமதிப் பத்திரமும் இல்லாமல் நான் செய்த ஒரே பயணம் அதுதான்.

தொண்ணூறுகளின் பின்பாதி. முல்லைத்தீவுக் கரையிலிருந்து போரால் இடம்பெயர்ந்த நாங்கள் எல்லோரும் அங்கே ஒரே ஒழுங்கையில் இருந்தோம். பக்கத்துக் கொட்டிலில், கரையில் மீன் விற்ற ஒரு தாய் இருந்தார். கணவர் இல்லை. ஒரே மகன், வள்ளம் கட்டும் தச்சன். கனடாவுக்கென்று ஏஜென்டுடன் புறப்பட்டவன் பாதிவழியில் மெக்சிகோவில் விடப்பட்டான். ஏஜென்ட் காணாமற் போனார். ஒன்றரை வருடம் ஒரு கடிதமும் இல்லை.

பிறகு அந்தச் சனிக்கிழமை கடிதம் ஒன்று வந்தது. வவுனியாவுக்குப் போய்த் திரும்பிய பங்குச் சுவாமியார் மடியில் வைத்துக் கொண்டுவந்தார். திங்கள் காலை மறுபடி வவுனியாவுக்குப் போகிறாராம். பதில் இருந்தால் அதற்குள் தர வேண்டும். அதற்குப் பிறகு அவருக்கு எப்போது பயணப் பாஸ் கிடைக்கும் என்பது எந்தச் சுற்றறிக்கையிலும் இல்லை.

அந்தத் தாய்க்கு எழுத்து அவ்வளவு வராது. நான்தான் வாசித்தேன். ஐந்து பக்கம். "அம்மா, வாங்கோ, என்னோட நடவுங்கோ, நான் இருக்கிற குறிச்சியைச் சுத்திக் காட்டுறன்" என்று தொடங்கி நாலரைப் பக்கத்துக்குக் குறிச்சியையே சுற்றிக் காட்டியிருந்தான். கடைசியில் ஐந்து வரி: அடுத்த மாதம் இன்னொருவர் கனடாவுக்கு ஆட்களைக் கூட்டிப் போகிறார், எனக்கு இங்கேயே நின்றுவிடலாம் போல இருக்கிறது, நீங்கள் நில் என்றால் நிற்கிறேன், போ என்றால் போகிறேன்.

"பூரணமில்லாத விண்ணப்பம்," என்றேன். "காரணம் எழுதிற இடத்தை வெறுமையா விட்டிருக்கிறான். கச்சேரி எண்டால் திருப்பி அனுப்பியிருப்பன்."

"உங்கட கச்சேரியைக் கொண்டுபோய்க் கடலில போடுங்கோ ஐயா. என்ர பிள்ளைக்கு என்ன நடந்தது? கால் கை ஏதும் போயிட்டுதோ? நடக்க ஏலாமல்தான் நிக்கப்போறன் எண்டுறானோ?"

அந்தக் காலத்தில் அந்த ஒழுங்கையில் அது மிகையான கேள்வி அல்ல. கடிதத்தை மூன்று முறை வாசிப்பித்துக் கேட்டுவிட்டு அவர் முடிவாகச் சொன்னார்:

"இடம் பாராமல் நான் ஒண்டுக்கும் ஓம் சொன்னதில்லை. கலியாணம் பேசேக்கையும் அந்த வளவைப் போய்ப் பாத்துத்தான் ஓம் சொன்னனான். இந்தக் கொட்டில் போடேக்கையும் நாலு இடம் பாத்தனான். இதையும் பாக்க வேணும்."

"மெக்சிக்கோவையோ, தங்கச்சி?"

"ஓம். நீங்கள் காணிக் கந்தோரில என்ன செய்தனீங்கள்?"

உண்மையில் எனக்கு உள்ளூர ஒரு குதூகலம் எழுந்தது. தகராறுக் காணி என்றால் கள விசாரணை என்பதுதான் விதி. இடப்பெயர்வில் மற்றவர்கள் நெல்லும் சட்டியும் தூக்கி வந்தபோது நான் ஒரு கட்டுப் பழைய படிவம் தூக்கி வந்தவன். என் மனைவி அதை இன்றுவரை மன்னிக்கவில்லை. அதில் ஒன்றின் பின்பக்கத்தில் இரவோடிரவாக அல்ல, பட்டப்பகலில், உடனேயே வரைபடம் கீறினேன். அவன் எழுதியிருந்த பெரிய கோயிலுக்கு எங்கள் ஓலைக் கோயில். சதுக்கத்துக்குக் கரப்பந்து விளையாடும் வெளி. நடுவில் இருக்கும் நீர்த்தொட்டிக்குக் குழாய்க்கிணறு. படம் எழுதிய நீண்ட மதிலுக்குக் கூட்டுறவுச் சங்கக்கடைச் சுவர். கடதாசிப்பூ வழியும் நீலச் சுவர் ஒழுங்கைக்கு, நீலத் தறப்பாள் கட்டிய அந்தத் தாயின் மச்சாள் வீடு. அவன் வேலை செய்யும் படச் சட்டக் கடைக்கு, கோயிலுக்கு நேர் எதிரே இருந்த தச்சுக் கொட்டில். கடிதத்தில் நீலச் சுவர் மூன்று இடத்தில் வந்தது. ஒரே விடயம் மூன்று தரம் பதிவாகியிருந்தால் இரண்டை நீக்க வேண்டும். சிவப்புப் பேனையால் வெட்டினேன். பழக்கதோஷம்.

ஞாயிறு பின்னேரம் கோயில் வாசலில் ஆரம்பித்தோம். நான் கடிதத்துடன் முன்னால், அவர் பின்னால்.

"எங்க ஐயா வெளிக்கிட்டாச்சு?" என்று ஒருவர் கேட்டார்.

"மெக்சிக்கோவுக்கு."

"ட்ராக்டரிலயோ நடையோ?"

"நடை."

"அப்ப நானும் வாறன்." சதுக்கத்தை அடைவதற்குள் இருபது பேர் சேர்ந்துவிட்டார்கள்.

கோயில் நானூறு வருடத்தது, மஞ்சள் சுவர், வள்ளத்துப் பலகையிலும் தடித்த கதவு என்று வாசித்தேன். எல்லோரும் எங்கள் ஓலைத் தட்டியை அண்ணாந்து பார்த்தார்கள். தொட்டியில் இரண்டு நரிச் சிலைகள் எதிரெதிரே நின்று தண்ணீர் துப்புகின்றன என்றேன்.

"நரியள் எங்க?" என்றது ஒரு குரல்.

"தண்ணிக்குச் சண்டை பிடிச்சுக்கொண்டு நிக்குதுகளே, அதுகள்தான்," என்றார் தாய். குழாய்க்கிணற்றடியில் நின்ற இரண்டு பெண்களும் சண்டையை நிறுத்திவிட்டு எங்கள் மீது தண்ணீரை விசிறினார்கள். கடிதத்துக்கு முற்றிலும் ஒத்த நடத்தை.

சங்கக்கடைச் சுவரில் மங்கிய விலைப்பட்டியல் ஒன்றும் சவர்க்கார விளம்பரத்தின் பாதியும் இருந்தன. அதன் முன் நின்று, இரும்புச் சட்டை போட்ட குதிரைக்காரரையும், சோளக் காட்டையும், தொப்பி வைத்துச் சிரிக்கும் எலும்புக்கூடுகளையும் வாசித்தேன். சனம் சுவரை விட்டுக் கண் எடுக்கவில்லை.

"எலும்புக்கூடு ஏன் சிரிக்குது?"

"அதுக்குப் பசிக்காதுதானே," என்றார் தாய்.

நீலத் தறப்பாளடியில் மச்சாள் மரவள்ளி உரித்துக்கொண்டிருந்தார். "என்ன மச்சாள், ஊர்வலமே? பெருநாள் வரக் கிடக்கே!"

"மெக்சிக்கோ பாக்கிறம்."

"போட்டு வாங்கோ. எனக்கும் ஒரு தொப்பி."

அங்கிருந்து மறுபடி சதுக்கம். ஞாயிறுகளில் ஓவியர்கள், எங்கள் கரையில் மீன் பரப்புவதைப் போலப் படங்களை நிலத்தில் பரப்பி விற்பார்களாம். அங்கிருந்து கோப்பி வறுக்கும் கடைக்கு எங்கள் தேத்தண்ணிக் கொட்டில், பிறகு நேரே தச்சுக் கொட்டில். நான் கடிதத்தை மடித்தேன்.

"முடிஞ்சுதோ?" என்றார் தாய்.

"முடிஞ்சுது."

"பொய். நீங்கள் வாசிக்கேக்க கடதாசிப்பூச் சுவர் மூண்டுதரம் வந்தது. நாங்கள் ஒருதரம்தான் பாத்தனாங்கள்."

எழுத்து அவ்வளவு அறியாதவர்களின் ஞாபகத்தை எந்தக் கந்தோரும் கணக்கில் எடுத்ததில்லை. இரட்டைப் பதிவு, அவசரத்தில் எழுதியிருப்பான், நீக்கிவிட்டேன் என்று விளக்கினேன்.

"ஒரு ஆணிக்கு ரெண்டாந்தரம் அடிக்காத பொடியன் அவன். எழுதினபடி நடவுங்கோ."

திரும்பக் கோயிலிலிருந்து நடந்தோம். இந்தமுறை வெட்டிய வரிகளையும் சேர்த்து. மதிலிலிருந்து நீலச் சுவர். அங்கே பூ வடிவாக வழிகிறதாம். மச்சாள் தலையை மட்டும் ஆட்டினார். ஓவியர் சந்தை. அங்கிருந்து திரும்பவும் நீலச் சுவர். அந்த ஒழுங்கையின் கற்கள் மிகப் பழையனவாம். மச்சாள் கத்தியைக் கீழே வைத்தார். கோப்பி வறுக்கும் கடை. அங்கிருந்து கடைக்கு நேர்வழி ஐம்பது அடி. கடிதம் அந்த ஐம்பதடியை விட்டு, வெயிலுக்கு நிழலாக இருக்கும் என்று நீலச் சுவரைச் சுற்றிப் போனது. நாங்களும் வேர்வை வழிய நிழல் தேடிப் போனோம்.

மச்சாள் எழும்பி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"என்னணை மச்சாள், விசரே உனக்கு? இந்தச் சுத்தில மட்டும் மூண்டாந்தரமா என்ர வாசலால போறாய்! குமர்ப்பிள்ளை இருக்கிற வீட்டைத்தான் பொடியள் உப்பிடிச் சுத்திச் சுத்திச் சைக்கிள் ஓடுறவங்கள்!"

தாய் என் முழங்கையைப் பிடித்தார்.

"ஐயா, நீலச் சுவர் வாற இடங்களை மட்டும் வாசியுங்கோ."

வாசித்தேன். முதல் இடத்தில் நீலச் சுவரின் படலை பூட்டியிருந்தது. இரண்டாவதில் பாதி திறந்திருந்தது. மூன்றாவதில், நான் சிவப்பு மையால் ஒழுங்காக வெட்டியிருந்த வரியில், "ஆரோ ஒரு ஆள் பூவுக்குத் தண்ணி ஊத்திக்கொண்டு நிக்குது" என்று இருந்தது. வெறுமையாக விட்டான் என்று நான் சொன்ன காரணம் அதுதான். அதைத்தான் வெட்டியிருந்தேன்.

தாய் சிரிக்கத் தொடங்கினார். முந்தானையால் வாயைப் பொத்தியும் நிற்கவில்லை. "கால் ரெண்டும் இருக்கு ஐயா! நல்லா நடக்கிறான்!" இருபது பேரும் சேர்ந்து சிரித்தார்கள். யாரோ கை தட்டினார்கள்.

"ஆரோ எண்டுதானே எழுதியிருக்கிறான்," என்றார் மச்சாள். "கிழவியாவும் இருக்கும்."

"கிழவிக்காகப் பூவையும் கல்லையும் நிழலையும் சாட்டி எழுதமாட்டான். விலத்து, உள்ள வரப்போறன். இப்ப இது என்ர பொடியனுக்குப் பொம்பிளை வீடு. தேத்தண்ணி ஊத்து."

அவர் மச்சாளின் பாயில் சம்பந்தி மாதிரியே நிமிர்ந்து உட்கார்ந்தார். நான் கவிழ்த்து வைத்த பெட்டியொன்றில் படிவத்தை விரித்தேன். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன்.

"நில் எண்டு எழுதுங்கோ. உந்தப் படலையை நாலாந்தரம் சுத்தக் கூடாது. தலையைச் சீவி இழுத்துக்கொண்டு, தன்ர கையால செய்த படச் சட்டம் ஒண்டும் கொண்டு, உள்ள போய் அந்தப் பிள்ளையின்ர தாயோட கதைக்கட்டாம். கிணறு எந்தப் பக்கம் எண்டும் பாத்து எழுதட்டாம்."

"குழாயில தண்ணி வாற ஊரில கிணறு ஏன் மச்சாள்?"

"அதுக்காகக் கேக்காமல் விடுறதே?"

கீழே அவரே 'அம்மா' என்று எழுத்துக்கூட்டிக் கையெழுத்திட்டார். பிறகு மகனின் கடிதத்தை எடுத்து என் முன்னால் வைத்தார்.

"வெட்டினதையும் திருப்பி எழுதுங்கோ. இது நான் வைச்சிருக்கப்போற கடிதம்."

நீக்கிய பதிவை மீளச் சேர்த்தால் ஓரத்தில் அலுவலர் சுருக்கொப்பம் இட வேண்டும். முப்பத்து நாலு வருடத்தில் எனக்கு அந்தத் தேவை வந்ததில்லை. சிவப்புக் கோட்டுக்கு மேலே வரிகளைத் திரும்ப எழுதி, இரண்டு இடத்திலும் ஒப்பம் வைத்தேன். தேத்தண்ணி ஆறிப் போயிருந்தது. மச்சாள் எனக்கு மட்டும் இன்னொன்று ஊற்றினார்.