சித்தப்பா நடந்த தூரம்

காலை ஐந்தரை மணி. கூடத்துக் கடிகாரம் ஒருமுறை அடித்து ஓய்ந்தபோது நான் பின்கதவைத் திறந்தேன். முதலில் தெரிந்தது ஒரு வெள்ளை வேட்டி. வீட்டுக்குப் பின்னாலிருந்த தென்னந்தோப்பில், நகர்கிறதா நிற்கிறதா என்று சொல்ல முடியாத வேகத்தில் அது வந்துகொண்டிருந்தது. வெளிச்சம் கூடிய பிறகுதான் சித்தப்பா என்று தெரிந்தது.

அவர் குதிகாலைத் தூக்கினார். பாதம் காற்றில் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு மண்ணில் இறங்கியது. பார்வை நாலடி முன்னால், தரையில். உதடுகள் அசைந்தன. தோப்பின் கிழக்கு ஓரத்தில் ஒரு கல்லும் மேற்கு ஓரத்தில் ஒரு கல்லும் வைத்திருந்தார். கல்லை அடைந்ததும் நின்றார், திரும்பினார், மறுபடி குதிகால்.

அது மாசி மாதம், 1953. அறுப்பு முடிந்து தோவாளைப் பக்கத்து வயல்களெல்லாம் காய்ந்து கிடந்தன. எனக்கு எட்டு வயது. சித்தப்பா பதினான்கு வருடம் கொழும்பில் ஓர் அச்சகத்தில் எழுத்துக் கோத்துவிட்டு, குடியுரிமைத் தாள் கிடைக்காமல் ஊருக்கு வந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. கல்யாணம் ஆகவில்லை. வீட்டின் தெற்கு அறையில் இருந்தார். அச்சகத்துக்குப் புத்தகம் அடிக்க வந்த ஒரு புத்த பிக்கு அவருக்கு இந்த நடையையும் தியானத்தையும் சொல்லிக்கொடுத்ததாகப் பின்னால் தெரிந்தது. அன்று யாருக்கும் தெரியாது. அவரும் சொல்லவில்லை, யாரும் கேட்கவுமில்லை.

எங்கள் பக்கத்தில் ஒருவர் நிலத்தில் அடிமேல் அடி வைத்து, எண்ணிக்கொண்டு, இரு ஓரத்திலும் கல் போட்டு நடந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். சொத்துப் பிரிக்காத வீடுகள் ஊரில் இரண்டோ மூன்றோ மிச்சமிருந்தன. அதில் ஒன்று எங்களுடையது. அப்பாவுக்கு அதில் பெருமை உண்டு.

மூன்றாம் நாள் அப்பா என்னைக் கூப்பிட்டார். “ஏட்டி, சித்தப்பா என்னத்த எண்ணுகான்னு கேட்டுட்டு வா. நான் அனுப்பினேன்னு சொல்லாத.”

போய்க் கேட்டேன். மூச்சை எண்ணுவதாகச் சித்தப்பா சொன்னார். பத்து வரை எண்ண வேண்டுமாம்; பிறகு மறுபடி ஒன்றிலிருந்து. நடுவில் நினைப்பு வேறெங்காவது போய்விட்டால் அப்போதும் ஒன்றிலிருந்து. எதற்கு என்றேன். “மனசப் பழக்குகேன் மக்கா” என்றார். இத்தனை நாள் அது என்ன செய்துகொண்டிருந்தது என்று கேட்டதற்கு, யோசித்துவிட்டு, தெரியவில்லை என்றார்.

மூச்சு விஷயம் எனக்குப் புரியவில்லை. ஆகவே புரிந்ததை மட்டும் அப்பாவிடம் சொன்னேன்: பத்து வரை எண்ணுகிறார், பிறகு மறுபடி ஒன்று.

“பத்தடிக்கு ஒரு கோலு” என்றார் அப்பா. “கோலெடுக்காம காலால அளக்கான்.”

சித்தப்பா குளத்துக்குக் குளிக்கப் போன நேரம் பார்த்து, இரண்டு கற்களுக்கும் நடுவே அப்பா கயிறு பிடித்தார். தோப்பு இரண்டாகப் பிரிந்தது. ஆனால் சித்தப்பாவின் அறை இருந்த தெற்குப் பக்கத்தில் எட்டு மரம் குறைவு. அப்பா குழம்பிப்போனார். கூடுதலாக எடுக்கிறவனைப் புரிந்துகொள்ளலாம். தனக்குத்தானே குறைத்துக்கொள்கிறவனை என்ன செய்வது? தம்பி வெளியூரில் கிடந்தபோது அண்ணன் தின்றுவிட்டான் என்று ஊர் சொல்வதற்கு இதுவே போதும் என்று அம்மாவிடம் சொன்னார்.

என்னை மறுபடி அனுப்பினார்கள். இந்த முறை சித்தப்பா அறையில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். வாசலில் நின்று கேட்டதை அப்படியே வந்து ஒப்பித்தேன். நான் சுகமா இருக்கணும். அண்ணன் சுகமா இருக்கணும். மைனி சுகமா இருக்கணும். தாள் தரமாட்டேன்னு சொன்ன கொழும்பு ஆபீசர் சுகமா இருக்கணும்.

மைனி என்றது அம்மாவை. அம்மா அகப்பையைக் கீழே வைத்தாள். “விட்டுட்டுப் போறவனுல்லா இப்பிடிச் சொல்லுவான்” என்றாள்.

அப்பா அன்று சாப்பிடவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை காலை சங்கிலிக்காரர் நிலம் அளக்க வந்தார். ஊர்ப் பெரியவர்கள் இருவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். முத்திரைத்தாள் முன்னாலேயே வாங்கியாகிவிட்டது. சித்தப்பா வந்தபோது அவர் நடக்கும் இடத்தில் சங்கிலி கிடந்தது.

“ஒனக்குள்ளத நீ சாடையா கேக்காண்டாம் தம்பி” என்றார் அப்பா. “நானே தாறேன். சரிபாதி.”

“நான் ஒண்ணும் கேக்கல்லியே அண்ணே.”

“பின்ன காலால அளந்தது?”

“அளக்கல்ல. நடக்கப் படிச்சேன்.”

சங்கிலிக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது. பெரியவர்களில் ஒருவர், நாற்பது வயதில் நடக்கப் படிக்கிறவனுக்கு நீச்சலும் சொல்லிக்கொடுங்கள் என்றார். அப்பா மட்டும் சிரிக்கவில்லை. அந்த நேரத்தில் அவர் சங்கிலியைச் சுருட்டச் சொல்லியிருக்கலாம். அவர் பெரியவர்களைப் பார்த்தார், தாளைப் பார்த்தார். சித்தப்பா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அண்ணனுக்கு அதுதான் சமாதானம்னா செய்யுங்கோ” என்றார்.

அப்பாவின் முகம் சுண்டியது. தம்பி கேட்டதைக் கொடுத்ததாக அப்பா கடைசிவரை நம்பினார். அண்ணன் விரும்பியதற்குச் சம்மதித்ததாகச் சித்தப்பா நம்பியிருக்க வேண்டும். எனக்கோ ஒன்றும் பிடிபடவில்லை. நான் சொன்னவற்றை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். பத்து வரை எண்ணியது உண்மை. சுகமாக இருக்கச் சொன்னதும் உண்மை. எங்கும் பொய் இல்லை. பிறகு ஏன் அம்மா தோப்புப் பக்கக் கதவைச் சாத்திவிட்டு அழுதாள் என்று தெரியவில்லை.

பதினொரு மணிக்குள் கையெழுத்து முடிந்தது. சித்தப்பா தனியாகச் சமைப்பது என்று ஏற்பாடு. அவர் வடசேரிக்குப் பானை வாங்கப் போனார்.

மதியம் அம்மா வழக்கம்போல நாலு இலை நறுக்கினாள். மூன்றைக் கழுவினாள். ஒன்றை மாட்டுக்குப் போட்டாள்.