கீழே மீன், மேலே ஊசி

எங்கள் பூனைக்குச் சர்க்கரை வியாதி என்று மாட்டு டாக்டர் சொன்னபோது எனக்கு அவமானமாகத்தான் இருந்தது. எழுபதுகளின் கல்கத்தாவில் மனிதர்கள் ரேஷன் கடை வாசலில் சர்க்கரைக்குக் காத்துக் கிடந்தார்கள். இந்தப் பிராணிக்கு அது ரத்தத்திலேயே ஓடியது.

அதைப் பூனை என்பதே உபசாரம். தலையணைக்குக் கால் முளைத்த மாதிரி இருக்கும். எலி எதிரே வந்தால் ஒதுங்கி வழிவிடும். ஆனால் என் மனைவிக்கு அது உயிர். காளிகாட்டில் எங்கள் மாடி வீட்டில் தயிர்சாதத்தை முகர்ந்துவிட்டு, நான் ஏதோ பந்தியில் அவமதித்ததுபோல் ஒரு பார்வை பார்க்கும். பிறகு கீழ்வீட்டு வங்காளி பௌதியிடம் மீன் தின்ன இறங்கிவிடும். பௌதி என்றால் அண்ணி, தெருவுக்கே அண்ணி. அங்கே ஆண்பிள்ளை எவனும் தாதா, அதாவது அண்ணன்.

கொழுப்பு ஏறிய உடம்பு இன்சுலினை மதிக்காது என்று டாக்டர் விளக்கினார், என் தொந்தியைப் பார்த்துக்கொண்டே. இளைக்க வைக்க வேண்டும். தினமும் துளி இன்சுலின் போட வேண்டும். தின்ற பிறகுதான் போட வேண்டும், இல்லாவிட்டால் மயங்கிச் செத்துவிடும். ஆக, தின்பது கீழே, ஊசி மேலே.

ஒரு நாள் காலை அது வழக்கம்போல் மீசையை நக்கிக்கொண்டு ஏறி வந்தது. குத்தினேன். கொஞ்ச நேரம் கழித்துக் குடிகாரன்போல் தள்ளாடிச் சுவரில் மோதி விழுந்தது. கீழே ஓடினேன்.

"இன்னிக்கு மீனே இல்லையே, தாதா," என்றார் பௌதி வங்காள மொழியில். பங்காளி ஒருவர் தவறிவிட்டாராம். தீட்டு கழியும்வரை மீன் கிடையாதாம்.

அப்படியே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முக்கு மிட்டாய்க் கடைக்கு ஓடினேன். ரசகுல்லா ஜீராவை வாயில் தடவினால் பிழைத்துவிடும் என்று கணக்கு.

"சீக்கிரம் குடுப்பா, உயிர் போறது."

"யாருக்கு, தாதா?"

"பூனைக்கு."

"ரசகுல்லாவா, ராஜபோகா? அதுக்கு எது பிடிக்கும்?"

நான் நின்று யோசித்தேன். என் புத்தியின் லட்சணம் அவ்வளவுதான்.

மண்குடுவையோடு திரும்பியபோது மனைவி அதை மடியில் போட்டு, ஈறில் சர்க்கரைத் தண்ணீரைத் தடவிக்கொண்டிருந்தாள். அது நக்க ஆரம்பித்திருந்தது.

"ஏன்னா, அடுக்களைல சக்கரை டப்பா இருக்கே. எங்க போனேள்?"

"ரசகுல்லா..."

"நன்னாயிருக்கு. அது பொழைச்சுடுத்து. நீங்க மூச்சு வாங்கறதைத்தான் பாக்க சகிக்கலை. நாளைலேருந்து அது திங்கறதைக் கண்ணால பாத்துட்டுக் குத்துங்கோ."

கீழே தீட்டு கழியவில்லை. மீன்கடை நாற்றத்துக்குப் பயந்து எதிர்ச்சாரியில் நடக்கிறவன், மறுநாள் மூக்கைப் பொத்திக்கொண்டு மீன் வாங்கினேன். எங்கள் அடுக்களையில் அதற்கு இடமேது? மொட்டைமாடியில் கரி அடுப்பு மூட்டி வேகவைத்து அதன் முன்னால் வைத்தேன். ஒரு வாய் தின்றது. உப்பு போதவில்லை என்பதுபோல் என்னைப் பார்த்தது. கையில் ஊசியோடு குத்துக்காலிட்டு உட்கார்ந்து, "தின்னுடி, ராஜாத்தி," என்று கெஞ்சிக்கொண்டிருந்தேன்.