முன்பக்க ஆபரேசன் காலோடு குடுமியான்மலை

என் அம்மா செல்விக்கு வலது இடுப்பு மூட்டை மாற்றி இரண்டு மாதம் ஆகிவிட்டது. “எங் காலால நடந்து போயி சாமி முன்னாடி நிக்கணும்” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். போன ஞாயிற்றுக்கிழமை வல்லத்திராக்கோட்டையிலிருந்து குடுமியான்மலை போய் வந்தோம். வீட்டில் யாருக்காவது இதே ஆபரேசன் முடிந்து, வெளியே கூட்டிப்போகலாமா என்று யோசிப்பவர்களுக்காக எழுதுகிறேன். மற்றவர்களும் படிக்கலாம், கோயில் அவ்வளவு அழகு.

அம்மா முந்திரி உடைக்கும் வேலை செய்தவர். மூன்று வருடம் நொண்டினார். வாயு என்றார்கள், வயசு என்றார்கள், ஊசி போட்டு அனுப்பினார்கள். அந்த வயசு நாற்பத்தெட்டுதான். சம்பாதிக்கிற ஆம்பளை ஒருவர் இப்படி நொண்டியிருந்தால் முதல் வாரமே எக்ஸ்ரே எடுத்திருப்பார்கள். கடைசியில் திருச்சியில் எடுத்த ஸ்கேனில்தான் தெரிந்தது: ரத்த ஓட்டம் நின்று, தொடை எலும்பின் பந்து செத்துப்போயிருந்தது.

மூட்டை மாற்றுவதில் பலரும் கேள்விப்பட்டது, பின்பக்கமாகத் திறக்கும் முறை. அம்மாவுக்குச் செய்தது முன்பக்க முறை. தொடையின் முன்பக்கம் கீறி, தசைகளை வெட்டாமல் ஒதுக்கிவிட்டு, அந்த இடைவெளி வழியாகப் போகிறார்கள். மறுநாளே வாக்கர் பிடித்து நடந்தார். இரண்டு முறைக்கும் பத்தியம் வேறு. பின்பக்கம் திறந்தவர்கள் அதிகம் குனியக் கூடாது, தாழ்வாக உட்காரக் கூடாது. முன்பக்கம் திறந்தவர்களுக்கு அந்தப் பயம் குறைவு. காலைப் பின்னால் நீட்டி, பாதத்தை வெளிப்பக்கம் திருப்புவதுதான் வம்பு. பந்து நழுவிவிடலாம். நழுவினால் மறுபடி ஆஸ்பத்திரி, மறுபடி கத்தி. “மூணு மாசம் முடியிற வரைக்கும் பின்னெட்டு வைக்காதீங்கம்மா” என்று பிசியோதெரபிஸ்ட் திரும்பத் திரும்பச் சொல்லி அனுப்பினார்.

இதெல்லாம் என் மாமாவிடம் எடுபடாது. அம்மாவின் அண்ணன். நான்கு வருடத்துக்கு முன்பு பின்பக்க முறையில் ஆபரேசன் செய்துகொண்டவர். ஊரில் இடுப்பைப் பற்றி எந்தச் சந்தேகம் வந்தாலும் அவரிடம்தான் கேட்பார்கள். தங்கச்சி தாழ்வாக உட்கார்ந்துவிடக் கூடாதென்று ஒரு பிளாஸ்டிக் சேரைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு வந்துவிட்டார்.

புதுக்கோட்டைக்குச் சுமார் பதினைந்து கிலோமீட்டர். அங்கிருந்து அன்னவாசல் வழியாக இன்னும் இருபது. டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஆனால் முதல் படி என் முழங்கால் உயரம். அந்த உயரத்தை முடிவு செய்தவர் வாழ்நாளில் டவுன் பஸ் ஏறியிருக்க மாட்டார். அம்மா நல்ல காலை முதலில் வைத்து, கம்பியைப் பிடித்து ஏறினார்.

கண்டக்டர் சேரைப் பார்த்தார். “அண்ணே, இதுக்கு லக்கேஜ் போடணுமுங்க.”

“பொம்பளைக்கு ஃப்ரீ, பொம்பள ஒக்கார்ற சேருக்குக் காசா?” என்றார் மாமா.

“பொம்பள சீட்டுல ஒக்காந்திருக்காக. சேருதான் நிக்கிது.”

மாமா பத்து ரூபாய் கொடுத்தார்.

கோயிலுக்குக் காலையிலேயே போய்விடுங்கள், மதியம் நடை சாத்திவிடுவார்கள். முன் மண்டபத்துச் சிற்பங்களுக்கே ஒரு மணி நேரம் வேண்டும். அம்மா கைத்தடி இல்லாமல் ஒவ்வொரு தூணாக நின்று பார்த்தார். மாமா பின்னாலேயே வந்து “ஏத்தா, குனியாத, குனியாத” என்றார். இசைக் கல்வெட்டு இருக்கும் பாறைப் பக்கம் பூட்டியிருந்தால் அங்கிருப்பவர்களிடம் கேளுங்கள். நாங்கள் கேட்டோம், திறந்துவிட்டார்கள்.

சன்னதியில் அம்மா திருநீறு வாங்கிப் பூசிக்கொண்டார். மாமா அவர் முதுகு வளைகிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். கும்பிட்ட கையோடு அம்மா வழக்கம்போலப் பின்னால் நகர ஆரம்பித்தார். சாமிக்கு முதுகு காட்டாமல் பின்னெட்டு வைத்து வருவதுதானே நம் பழக்கம். வலது கால் பின்னால் போய், பாதம் வெளிப்பக்கம் திரும்பிக்கொண்டிருந்தது. மாமாவுக்கு ஒன்றும் தோன்றவில்லை. முதுகு நேராகத்தான் இருந்தது.

“அம்மா, நில்லு. பின்னால வைக்காத.”

நான் இடுப்பைப் பிடித்துவிட்டேன். அம்மாவுக்கு அப்போதுதான் புரிந்தது. முகம் வெளுத்துவிட்டது. மெதுவாகக் காலை முன்னால் கொண்டுவந்தார். வலி இல்லை.

பின்னால் நின்ற பெரியம்மா ஒருவர் விடவில்லை. “சாமிக்கு முதுகக் காட்டாதத்தா. ரெண்டு எட்டு பின்னால வந்துட்டுத் திரும்பு.”

அம்மா சாமியை ஒரு தடவை பார்த்தார். “சாமி குடுத்த எலும்பு கெட்டுப்போச்சுங்க. இது வேற ஆளு போட்டுவிட்டது. அவுக சொன்னதத்தான கேக்கணும்?”

சின்னச் சின்ன எட்டாகத் திரும்பி, முதுகைக் காட்டிக்கொண்டு நேராக வெளியே நடந்தார். வரிசையே சிரித்தது. குருக்களும்தான்.

வெளியே கல் குறட்டில் அம்மா காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தார். மாமா சேரை நீட்டினார். “நீங்க ஒக்காருங்கண்ணே. ஒங்க காலுக்குத்தான் அது.” அவர் உட்கார்ந்துகொண்டே கேட்டார்: “அப்ப ரெண்டு மாசமா ஒன்னயத் தப்பாவா மெரட்டிக்கிட்டு இருந்தேன்?” அம்மா சிரித்த சிரிப்பில் பக்கத்தில் புளியோதரை சாப்பிட்டுக்கொண்டிருந்த குடும்பம் திரும்பிப் பார்த்தது.

போகிறவர்களுக்கு: முன்பக்க முறை எல்லோருக்கும் பொருந்தாது, எல்லா டாக்டரும் செய்வதில்லை. எந்தப் பக்கம் திறந்தார்கள், எந்த அசைவு கூடாது என்று உங்கள் டாக்டரிடமே கேளுங்கள், பக்கத்து வீட்டு இடுப்பிடம் கேட்காதீர்கள். தொடையின் முன்பக்கம் கொஞ்ச நாள் மரத்திருக்கலாம், அம்மாவுக்கு இன்னும் இருக்கிறது. பஸ்ஸில் முன் சீட் கேட்டு வாங்குங்கள், கூச்சம் வேண்டாம். இறங்கும்போது ஆபரேசன் கால் முதலில்.

ஊரில் பஸ் நின்றதும் அம்மா அப்படித்தான் இறங்கினார், என் கைக்குக் காத்திருக்காமல். கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு நான் இறங்குவதற்குள் ரோட்டைத் தாண்டிப் பாதி தூரம் போயிருந்தார். மூன்று வருடமாக எங்களுக்குப் பின்னால் நொண்டிக்கொண்டு “போங்க, வாரேன்” என்று சொல்லிக்கொண்டு வந்தவர். அன்றைக்கு நான்தான் கத்தினேன்: “போம்மா, வாரேன்.”