ஓர் எழுத்துப் பிழை

இதில் ஒரு வரிகூட நான் சேர்க்கவில்லை. நடந்தது பட்டப்பகலில். கூட ஒரு சாட்சியும் உண்டு.

அன்று காலை ஆறரைக்கு எழுந்தேன். பல் தேய்த்தேன். பால் காய்ச்சி ஒரு டம்ளர் குடித்தேன். மீதியைக் கொட்டினேன். கை இன்னும் இரண்டு பேருக்குத்தான் அளக்கிறது. சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டேன். வீட்டைப் பூட்டி, பூட்டை இழுத்துப் பார்த்தேன். பேருந்தில் உட்கார இடம் கிடைத்தது.

என் மனைவி கொல்லப்பட்டு ஒன்றரை மாதம் ஆகியிருந்தது.

குரலை எழுத்தாக்கும் அலுவலகத்தில் எனக்கு வேலை. போனை எடுக்காதவர்களுக்கு மற்றவர்கள் பேசி விட்டுப்போகும் செய்திகளை எங்கள் கணினிகள் எழுத்தாக்கி அனுப்பும். முதலில் சத்தங்களைச் சலித்து எறியும். ‘ம்’, ‘வந்து’, ‘ஏங்க’, ‘இருங்க’ எல்லாம் அதற்குக் குப்பை. பிறகு பேச்சுத்தமிழை எழுத்துத்தமிழாக மாற்றும். சரியாகக் கேட்காத இடத்தில், வழக்கமாக எது வருமோ அதைப் போட்டுக்கொள்ளும். எழுத்து போய்ச் சேர்ந்ததும் ஒலியை அழித்துவிடும். சந்தேகமான சிலவற்றை மட்டும் எங்களிடம் தள்ளும். நாங்கள் கேட்டுத் திருத்துவோம்.

அவளுடைய கடைசிச் செய்தியும் எனக்கு இப்படித்தான் வந்தது. நான் வேலையில் இருந்தேன்.

‘வாசலில் நிற்கிறார்கள். கதவைத் திறக்கிறேன்.’

யாரோ விருந்தாளிகள் என்று நினைத்துப் போனை வைத்துவிட்டேன். சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது கூடத்துச் சுவரில் என் தோள் உயரத்துக்கு ரத்தம் தெறித்திருந்தது. முகம் சிதைந்திருந்தது; வளையலை வைத்துத்தான் அவளை அடையாளம் சொன்னேன். பூட்டு உடையவில்லை. ‘நிற்கிறார்கள்’ என்று இருந்ததால் போலீஸ் ஒரு கும்பலைத் தேடியது. யாரும் சிக்கவில்லை.

யாருக்குக் கதவைத் திறந்தாள்? எனக்கு அது ஒன்றுதான் தெரிய வேண்டியிருந்தது.

அலுவலகத்தில் என் பக்கத்து இருக்கைக்காரனைச் சோடாபுட்டி என்றுதான் கூப்பிடுவோம்.

“என்ன மாப்ள, சாப்டியா?”

“ம்.”

“உன் ‘ம்’ம மெஷினே தூக்கிப் போட்டுரும். வாயத் தொறந்து சொல்லு.”

பத்து மணி பத்து நிமிடம். என் திரையில் ஓர் ஒலி வந்து நின்றது. பெயர் இல்லை. எண் மட்டும்.

அவள் எண்.

“அழிச்ச ஒலி திரும்ப வருமாடா?”

“எப்படி வரும்? செத்தது செத்ததுதான்...” சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். பிறகு என் திரையைப் பார்த்தான். இயர்போனின் ஒரு முனையை எடுத்துத் தன் காதில் வைத்துக்கொண்டான்.

முதலில் அவள் குரல். இரண்டே வரி. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

தாழ்ப்பாள்... க்ளக்.

அவள் சிரித்தாள்.

அப்புறம்... தொப்.

என் வலது கை மேசையில் இறங்கியது. நான் இறக்கவில்லை.

தொப். தொப்.

ஒவ்வோர் அடிக்கும் என் முஷ்டி மேசையில் விழுந்தது. கீபோர்டு உடைந்து எழுத்துகள் சிதறின. விரல் முட்டியில் எலும்பு வெள்ளையாகத் தெரிந்தது. வலிக்கவில்லை.

“டேய், நிறுத்துடா.” சோடாபுட்டி என் கையைப் பிடித்தான்.

கை அவன் பக்கம் திரும்பியது.

அவன் மூக்கு உடைந்தது. கண்ணாடிச் சில்லு புருவத்தில் ஏறியது. கீழே தள்ளி அவன் நெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். காதில் தொப் என்றது. கை இறங்கியது. தொப் என்றது... இறங்கியது.

என் காதிலிருந்து இயர்போனை அவன்தான் பிடுங்கினான்.

கை நின்றது.

ஒலிகளைச் சேமிக்கும் பிரிவில் இருக்கும் அக்கா எல்லாவற்றையும் தேடிப் பார்த்தார். “அந்த ஒலி அன்னைக்கே அழிஞ்சிடுச்சு தம்பி. இன்னைக்கு உங்களுக்கு எதுவுமே வரல.”

ஆனால் சோடாபுட்டியும் அதைக் காதால் கேட்டிருக்கிறான். மூக்கில் கட்டோடு, கேட்டதைக் கேட்டபடி போலீசுக்குச் சொல்லியிருக்கிறான். என்னோடு இப்போது பேசுவதில்லை.

மருத்துவமனைக்கு இன்ஸ்பெக்டர் வந்தார். கட்டுப் போட்ட என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எதிர்வீட்டம்மா அன்னைக்கே சொன்னாங்க. உள்ள போனது நீங்கதான்னு.”

“நான் ஆபீஸ்ல இருந்தேன் சார்.”

“தெரியும். உங்க ஆபீஸ் கேமராவத் திரும்பத் திரும்பப் பாத்தேன். நீங்க சீட்ட விட்டு எழுந்திருக்கவே இல்ல. அதான் அந்தம்மா சொன்னத நான் எழுதல.”

இயந்திரம் மாற்றியது ஓர் எழுத்தைத்தான். ‘றீ’ இருந்த இடத்தில் ‘றா’. ‘நிக்கிறாங்க’ என்று எடுத்துக்கொண்டு ‘நிற்கிறார்கள்’ ஆக்கிவிட்டது.

அவள் உண்மையில் சொன்னது இது:

“ஏங்க... வாசல்லயே நிக்கிறீங்க. இருங்க, கதவத் தொறக்கறேன்.”