பிரேக்கை மிதிக்க ஒரு ஆள்

நர்சம்மா வேலையிலிருந்து ஓய்வு பெற்றாலும் அவளுடைய பிடிவாதம் ஓய்வு பெறவில்லை. பழைய காரின் பிரேக் பெடல் ஒரு வாரமாகப் பஞ்சை மிதிப்பது போல உள்ளே போனது. மிதித்தால் கார் நிற்பதற்கு முன் யோசித்தது. பிரேக் குழாயில் காற்று புகுந்துவிட்டது, வேறென்ன!

அந்தக் காற்றை எடுக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் பெடலை மிதித்துப் பிடிக்க, இன்னொருவர் சக்கரத்தருகே குனிந்து, காற்று வெளியேறும் சின்னத் திருகான நிப்பிளை ஸ்பானரால் திறந்து மூட வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து மிதித்தது நர்சம்மா. "மிதி, பிடி, விடு" என்று கீழேயிருந்து அதிகாரம் செய்தது வீட்டுக்காரர். அந்த மனிதர் போன வருஷம் போய்ச் சேர்ந்துவிட்டார்.

மகனிடம் போனில் சொன்னதுதான் தப்பாகிவிட்டது.

"நீ ஒண்ணும் தொடாதம்மா. ஞாயித்துக்கிழமை நான் வந்து பாக்கறேன். மிதிக்கக்கூட ஆளில்லாத வீட்டுல கார் எதுக்கு? வித்துத் தொலைச்சிட்டு என்கூட வந்துடு."

வித்துத் தொலைப்பதாமே! நர்சம்மாவுக்குச் சுர்ரென்று ஏறியது. கார் போய்விட்டால் நாலு சுவரைப் பார்த்துக்கொண்டு கிடக்க வேண்டியதுதான். அவன் வருவதற்குள் முடித்துக் காட்டுகிறேன் என்று சனிக்கிழமை காலையே ஜாக்கியை எடுத்தாள்.

யாரைக் கூப்பிடுவது? எதிர் வீடு பூட்டிக் கிடந்தது. பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவர்களின் முகம்கூட மனதில் இல்லை. பெடலுக்கும் சீட்டுக்கும் நடுவே ஒரு கட்டையை முட்டுக்கொடுத்துவிட்டு, பின்சக்கரத்துக்கு வந்து நிப்பிளைத் திறந்தாள். பெடல் இறங்கியது, கட்டை பொத்தென்று விழுந்தது, பெடல் மேலே வந்து இன்னும் கொஞ்சம் காற்றை உள்ளே இழுத்துக்கொண்டது.

"பிடின்னா பிடிக்க வேணாமா?" என்று கத்தினாள். கத்திய பிறகுதான், அது கட்டை என்பது உறைத்தது. தரையிலேயே உட்கார்ந்து அழுதாள். பார்க்கத்தான் யாருமில்லையே.

மூக்கைச் சிந்திவிட்டு யோசித்தாள். எத்தனை பேருக்கு டிரிப்ஸ் ஏற்றியவள், காற்றுக் குமிழி அவளுக்குப் புதிதா? வீட்டுக்காரர் படுக்கையில் கிடந்தபோது வாங்கி மிஞ்சிய டிரிப்ஸ் குழாயை நிப்பிளில் செருகி, மறுமுனையை பிரேக் ஆயில் ஊற்றிய பாட்டிலில் முங்க வைத்தாள். இனி பெடல் இழுத்தாலும் ஆயில்தான் உள்ளே வரும். ஓடிப்போய் மிதித்தாள், ஓடிவந்து பார்த்தாள். பானெட்டுக்குள் இருக்கும் பிரேக் ஆயில் டப்பாவில் குறையக் குறைய ஊற்றினாள். குமிழி வருவது நின்றதும் இறுக்கினாள். நாலு சக்கரமும் முடிவதற்குள் இடுப்பு விட்டுப்போனது. ஆனால் பெடல் கிண்ணென்று நின்றது. தெருமுனை வரை ஓட்டி மிதித்தாள். கார் சொன்ன பேச்சைக் கேட்டது.

உடனே மகனுக்குப் போன் போட்டாள்.

"யாரும்மா மிதிச்சா?" என்றான் அவன்.

தனியாகத்தான் என்றால் மறுபடி விற்கிற பேச்சை ஆரம்பிப்பான். "பக்கத்து வீட்டுப் பொண்ணுதான். தங்கமான பொண்ணு. கூப்பிட்ட குரலுக்கு ஓடி வருது."

"அப்பாடா! துணைக்கு ஆள் இருக்குன்னா கார் இருந்துட்டுப் போகட்டும். அப்ப நாளைக்கு நான் வர வேண்டியதில்லதானே? இங்க தலைக்கு மேல வேலைம்மா."

நர்சம்மா அவன் முகத்தைப் பார்த்துப் பல மாதமாகியிருந்தது.

"எதுக்குப்பா அலையணும்," என்றாள். "இங்கதான் ஆள் இருக்கே."